ஜாஸ் 2: டிவிடியா, புளூ-ரேயா, 4கேயா? எதற்குக் காசு போடலாம்?

ஜாஸ் என்கிற சுறாப் படத்தின் இரண்டாம் பாகத்தில், கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து நாயகன் ராய் ஷைடர் தடதடவென இறங்கி ஓடிவந்து, குளித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை விரட்டிக் கரையேற்றிவிட்டுத் தண்ணீருக்குள் சுடுவார். பிறகு பார்த்தால் அது சுறா இல்லை, மீன் கூட்டம். போன மாதம் அந்தக் காட்சியைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணா, ஜாஸ் 2 வாங்கலாம்னு இருக்கேன். பழைய டிவிடி கிடைக்குது, புளூ-ரே இருக்கு, இப்ப 4கேயும் வந்துருக்கு. எதை வாங்கட்டும்?"

அவன் இருப்பது டொராண்டோவில். டிசம்பரில் கோவை வரும்போது டிஸ்கைக் கொண்டுவந்து, பெரியப்பா வீட்டு டிவியில் போட்டு எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. மூன்றும் ஒரே படத்தின் தட்டுகள்தான்; டிவிடியைவிட புளூ-ரேயிலும், அதைவிட 4கேயிலும் படம் நுணுக்கமாகப் பதிந்திருக்கும். இதே கேள்வியை இன்னும் இரண்டு நண்பர்களும் கேட்டுவிட்டார்கள். இது பிடித்த படம் என்பதாலும், ஒருமுறை தப்பான டிஸ்க் வாங்கிக் காசை விட்டவன் என்பதாலும் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது?

"எது தெளிவாக இருக்கும்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, படத்தின் அகலம் முழுதாகக் கிடைக்கிறதா என்பது.

1978 ஜூனில் வெளியான ஜாஸ் 2, பானாவிஷன் அகலத்திரையில் எடுக்கப்பட்டது. உயரம் 1 என்றால் அகலம் 2.35. பின்பாதி முழுக்க, பாய்மரப் படகுகளில் போன பையன்களும் பெண்களும் உடைந்த படகுகளை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்துக்கொண்டு நடுக்கடலில் மிதக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒருத்தி அழுகிறாள், வலது ஓரத்தில் ஒருவன் கவிழ்ந்த படகின் அடிப்பகுதியைப் பற்றியிருக்கிறான், நடுவில் வெறும் தண்ணீர். சுறா எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நம் கண் அலைபாய்வதில்தான் பயமே இருக்கிறது. அகலத்தை வெட்டினால் அந்தப் பயமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது தண்ணீர். பாதி நேரம் திரையில் பாதி இடத்தைக் கடல்தான் அடைத்திருக்கிறது. வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் தொழில்நுட்பத்துக்கு அலையடிக்கும் தண்ணீரைவிடக் கஷ்டமான பொருள் குறைவு. ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருப்பதால், இடம் போதாத டிஸ்கில் அலை சின்னச் சின்னக் கட்டங்களாக உடையும். கூடவே அந்தக் காலப் படச்சுருளுக்கே உரிய மணல்மணலான கிரெயினும் இருக்கிறது. அதையும் குழப்பாமல் காட்ட வேண்டும்.

மூன்றாவது, ஓட்ட வேகமும் ஒலியும். நான்காவது, கூடுதல் சமாச்சாரங்கள்: ஆவணப்படம், நீக்கிய காட்சிகள் போன்றவை. ஐந்தாவதுதான் மொத்தச் செலவு. டிஸ்கின் விலையை மட்டும் நான் சொல்லவில்லை. பிளேயர், ரீஜன் தொல்லை (ஒரு பகுதி நாடுகளுக்கான டிஸ்க் வேறு பகுதிப் பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு), பார்சல் கட்டணம், சுங்கம் எல்லாம் இதில் சேர்ந்தவை. பலரும் டிஸ்க் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு மற்ற நான்கையும் மறந்துவிடுகிறார்கள்.

## விஎச்எஸ் கேசட்

ஞாபகார்த்தமாக அலமாரியில் வைப்பதென்றால் வாங்குங்கள், பார்ப்பதற்கு வேண்டாம். பழைய சதுர டிவிக்காக வெட்டிய பிரதியில் மூலப் படத்தின் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு காணாமல் போகும். சின்ன வயதில் டிவியில் நான் முதலில் பார்த்தது இப்படி வெட்டிய பிரதிதான். யாரோ ஒருவர் பேசுவார், யாரிடம் பேசுகிறார் என்றே தெரியாது. கேட்கிறவர் திரைக்கு வெளியே போயிருப்பார். பல வருடம் கழித்து முழு அகலத்தில் பார்த்தபோதுதான், பிணைத்த படகுகள் அத்தனை இருக்கின்றன என்றே எனக்குத் தெரிந்தது.

## 2001 டிவிடி

அமெரிக்காவில் 2001-இல் வந்த டிவிடிக்கு ஒரு மரியாதை தர வேண்டும். முழு அகலமும் இருந்தது, நல்ல கூடுதல் சமாச்சாரங்களும் இருந்தன. லோரன் பூஸ்ரோ எடுத்த சுமார் முக்கால் மணி நேர ஆவணப்படம் அதில் இருக்கிறது. படம் உருவான கதை அவ்வளவு சிக்கலானது. முதலில் இயக்கியவர் ஜான் ஹான்காக். படப்பிடிப்பு தொடங்கிச் சில வாரங்களில் அவர் விலக, பிரான்சில் பிறந்த ஷானோ ஷ்வார்க் வந்தார். முதல் படத்தின் திரைக்கதையில் பங்குபெற்ற கார்ல் காட்லீப்பை அழைத்து வசனங்களைத் திருத்தி எழுதினார்கள். ராய் ஷைடர் மனமுவந்து நடிக்க வரவில்லை. யுனிவர்சல் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்துக்காக வந்தார். படத்தில் பிராடி என்கிற போலீஸ் அதிகாரியின் முகத்தில் தெரியும் அந்த எரிச்சலும் களைப்பும் எங்கிருந்து வந்தன என்பது ஆவணப்படத்தைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

அதே டிஸ்கில் ஜான் வில்லியம்ஸின் இசை பற்றி ஒரு பகுதி, கீத் கார்டன் பேசும் பகுதி, நீக்கிய காட்சிகள் எல்லாம் உண்டு. கார்டன் முதன்முதலில் நடித்த சினிமா இது, பின்னால் இயக்குநராகவே ஆனார். பிரெஞ்சுத் தலைப்பை வைத்து ஷ்வார்க் சொல்லும் ஒரு சின்ன வேடிக்கையும் இருக்கிறது. 'கடலின் பற்கள்' என்கிற அர்த்தத்தில் வரும் பிரெஞ்சுப் பெயரோடு 'இரண்டு' என்ற எண்ணைச் சேர்த்து உச்சரித்தால் கெட்ட வார்த்தை மாதிரி ஒலிக்குமாம். அங்கே 'இரண்டாம் பாகம்' என்று போட்டதற்கு அதுதான் காரணம்.

இனி குறைகள். டிவி படத்தை மேலிருந்து கீழாக அடுக்கிய கோடுகளாகத்தான் காட்டுகிறது, கோடு கூடினால் தெளிவும் கூடும். அமெரிக்க டிவிடியில் மொத்தம் 480 கோடுகள். மேலும் கீழும் கறுப்புப் பட்டைக்குப் போனதுபோக, படத்துக்கு மிஞ்சுவது சுமார் 360 கோடுதான். நொடிக்கு 10 மெகாபிட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்பது டிவிடியின் எல்லை. 21 அங்குல டிவிக்கு இது போதும். 55 அங்குலத்தில் போட்டால் தூரத்துப் பாய்மரங்கள் வெள்ளைத் தீற்றல்களாகத் தெரியும்.

இதைக் காட்ட ஒரு காட்சி போதும். மூழ்கியவர்களின் கேமராவிலிருந்து கழுவி எடுத்த ஒரு போட்டோவை பிராடி ஊர்ச்சபை முன்னால் வைக்கிறார். கலங்கிய நீரில் ஒரு கண், வாயின் ஒரு பகுதி. "இது சுறா" என்கிறார். சபையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய டிவிடியைப் பெரிய திரையில் பார்த்தால் நமக்கும் ஒன்றும் தெரியாது! சபை சொல்வதுதான் நியாயம் என்று தோன்றிவிடும். நல்ல பிரதியில் அந்தக் கண் தெரியும். தெரிந்தால்தான் நாம் பிராடியின் பக்கம் நிற்போம், அவர் வேலை பறிபோகும்போது நமக்கு வலிக்கும்.

மறைசெலவு ரீஜன்தான். டிவிடியில் அமெரிக்கா, கனடா ரீஜன் 1. ஐரோப்பா 2. சிங்கப்பூர், மலேசியா 3. இந்தியா 5. செகண்ட்-ஹேண்டில் மலிவாக வருகிறதே என்று ஆன்லைனில் ஒருவரிடம் ரீஜன் 1 டிஸ்க் வாங்கினேன். "எல்லா பிளேயரிலும் ஓடும்" என்றுதான் எழுதியிருந்தார். தட்டு உள்ளே போனது, சுற்றியது, திரையில் ரீஜன் தவறு என்று ஒரு வரி வந்தது, தட்டு வெளியே வந்துவிட்டது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். திருப்பி அனுப்பும் கூலி டிஸ்கின் விலையைவிட அதிகம் என்பதால் அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

இன்னொன்று அதிகம் பேர் கவனிக்காதது. ஐரோப்பிய டிவிடி 'பால்' (PAL) என்கிற அந்த ஊர் டிவி முறையில் ஓடும். சினிமாவில் நொடிக்கு 24 சட்டகம் (பிரேம்), பால் முறையில் 25. அதனால் 116 நிமிடப் படம் சுமார் 111 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியையும் வெட்டியிருக்க மாட்டார்கள், எல்லாமே கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சுருதியைத் திருத்தாமல் விட்ட டிஸ்கில் குரலும் இசையும் கொஞ்சம் சுருதி ஏறிவிடும். படம் தொடங்கியதும், முதல் படத்தில் மூழ்கிய ஓர்கா என்கிற படகு கடலடியில் கிடக்கும் சிதைவை இரண்டு பேர் மூழ்கிப் பார்க்கும்போது வில்லியம்ஸ் ஹார்ப்பை மெதுவாக மீட்டவிடுவார். தண்ணீரின் கனம் அந்த மெதுவில்தான் இருக்கிறது. முதல் படத்தின் இசைத்தட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வேக மாற்றம் உறுத்தும்.

டிவிடி யாருக்குச் சரி: சின்ன டிவி, வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிளேயர், உள்ளூர் ரீஜன் டிஸ்க், டீ காசு விலை. இந்த நான்கும் ஒன்றாக அமைந்தால் தாராளமாக வாங்குங்கள்.

## 2016 புளூ-ரே

2016 ஜூனில் இரண்டாம், மூன்றாம், நான்காம் பாகங்கள் ஒன்றாக அமெரிக்காவில் புளூ-ரேயாக வந்தன. முதல் பாகம் 2012-லேயே வந்துவிட்டது, இதற்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

என் தேர்வு இதுதான், பெரும்பாலானவர்களுக்கும் இதையே சொல்வேன். படத்துக்குக் கிடைக்கும் கோடுகள் 360-இலிருந்து சுமார் 815-க்கு ஏறுகின்றன. வீடியோவுக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. அலைகள் கட்டமாக உடைவதில்லை. 24 சட்டக வேகம் அப்படியே இருப்பதால் இசையும் தன் சுருதியில் நிற்கிறது. 2001-இன் ஆவணப்படமும் மற்றவையும் இதிலும் வந்துவிட்டன, ஆக கூடுதல் சமாச்சாரத்துக்காகப் பழைய டிவிடியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

டிவிடியைவிட இது எங்கே ஜெயிக்கிறது என்று கேட்டால் நீர்ச்சறுக்குக் காட்சியைச் சொல்வேன். சறுக்கிக்கொண்டிருந்தவள் போய்விட்டாள். படகோட்டும் பெண் பதறிப்போய் பெட்ரோலைக் கொட்டி, அபாய விளக்குத் துப்பாக்கியால் சுட, படகே வெடிக்கிறது. சுறாவின் முகம் ஒரு பக்கம் வெந்துபோகிறது. அதன் பிறகு படம் முழுக்க அந்தத் தழும்போடுதான் அது வருகிறது. டிவிடியில் கறுப்புத் திட்டு மாதிரி இருக்கும் அந்தத் தழும்பு, புளூ-ரேயில் உரிந்த தோலாகத் தெரியும். அதற்குப் பிறகு அது வெறும் மீன் இல்லை, காயம்பட்ட ஒரு உயிர்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படத்தின் மூல ஒலி மோனோ, ஒற்றைத்தடம். அதை எத்தனை ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் 1978-இல் பதியாத சத்தம் புதிதாகப் பிறந்துவிடாது. ஜாஸ் 2 பார்ப்பதற்காக யாரும் புதிய ஸ்பீக்கர் செட் வாங்க வேண்டாம். இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும்.

மறைசெலவு: புளூ-ரேக்கும் ரீஜன் உண்டு, எண்ணுக்குப் பதில் எழுத்து. வட அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா 'ஏ'. ஐரோப்பா, ஆஸ்திரேலியா 'பி'. இந்தியா 'சி'. பெரிய நிறுவனங்களின் டிஸ்குகளில் பல, பூட்டே இல்லாமல் வருபவை. இருந்தாலும் வாங்கும் முன் அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். 'ஏ, பி, சி' மூன்றும் போட்டிருந்தால் எந்தக் கவலையும் இல்லை.

யாருக்குச் சரி: 32 முதல் 55 அங்குல டிவி, சாதாரண புளூ-ரே பிளேயர் அல்லது டிஸ்க் போடும் வசதியுள்ள பழைய கேம் பெட்டி. பலர் வீட்டில் பிளேஸ்டேஷன் 3 அல்லது 4 தூசி படிந்து கிடக்கும், அதுவே புளூ-ரே பிளேயர்தான். அப்படி ஒன்று இருந்தால் டிஸ்க் காசோடு வேலை முடிந்தது.

## 2023 4கே

படத்தின் 45-ஆம் ஆண்டில், 2023 ஜூலையில் 4கே வந்தது. டப்பாவுக்குள் 4கே தட்டு, புளூ-ரே தட்டு, டிஜிட்டல் பிரதிக்கான குறியீடு எல்லாம் இருக்கும்.

கோடுகள் சுமார் 1,630. ஆனால் கோடுகளைவிட இதில் பெரிய லாபம் வெளிச்சம்தான். எச்டிஆர் என்பது, பளிச்சிடும் இடம் உண்மையாகவே பளிச்சிட, இருட்டு இருட்டாகவே இருக்க வகைசெய்வது. ஃப்ளோரிடாவின் நவார் கடற்கரையில் எடுத்த நடுக்கடல் காட்சிகளில் வெயில் தண்ணீரில் சில்லுச் சில்லாக உடையும். மற்ற டிஸ்குகளில் அது வெள்ளையாகப் பொரிந்துபோன மாதிரி இருக்கும். இதில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக மின்னும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தைப் பார்க்கும் அந்தப் பிள்ளைகளோடு நாமும் கண்ணைச் சுருக்குவோம். அந்த ஒரு சுகத்துக்காகவே இதை வாங்குகிறவர்களை எனக்குப் புரிகிறது.

ரீஜன் பூட்டு 4கே தட்டுக்குக் கிடையவே கிடையாது. டொராண்டோவில் வாங்கியது கோவையில் ஓடும், கோலாலம்பூரிலும் ஓடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மறைசெலவு இங்கேதான் அதிகம். சாதாரண புளூ-ரே பிளேயர் 4கே தட்டைப் படிக்காது. பிளேஸ்டேஷன் 4, அதன் புரோ வகையும் சேர்த்து, படிக்காது. தட்டுப் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரீஸ் எக்ஸ் படிக்கும். தனி பிளேயர் வாங்கலாம் என்றால் கடைகளில் தேர்வு குறைந்துகொண்டே வருகிறது. ஓப்போ 2018-இலும் சாம்சங் 2019-இலும் அந்தத் தொழிலிலிருந்து விலகிவிட்டன. பிளேயரையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தால், இந்த ஒரு படத்துக்காக அந்தச் செலவு செய்யாதீர்கள்.

டிவியையும் பாருங்கள். பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருந்தாலும் விலை மலிவான பல டிவிகளில் அதற்குத் தேவையான பிரகாசம் இருக்காது. அவற்றில் போட்டால் படம் புளூ-ரேயைவிட மங்கலாகவே தெரியும். அமெரிக்க டப்பாவில் வரும் டிஜிட்டல் குறியீட்டையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பண்ணாதீர்கள், அது அந்த ஊர்க் கணக்கில்தான் ஏறும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு, அது காசில் வராது. ஷ்வார்க் இந்தப் படத்தில் சுறாவை அடிக்கடி காட்டினார். முதல் படத்திலேயே முழு உருவத்தையும் பார்த்துவிட்ட மக்களிடம் இனி ஒளித்துவைத்துப் பயனில்லை என்பது அவர் முடிவு. 4கே தெளிவில், கடைசிக் காட்சியில் கடலடி மின்கம்பியைக் கவ்வ வாயைத் திறந்து வரும் சுறாவின் தாடை மடிப்பில் ரப்பர் ரப்பராகவே தெரிகிறது. எனக்கு அது தொந்தரவாக இல்லை. உப்புத் தண்ணீரில் அந்த இயந்திரத்தை இயக்கிய கைவேலையை நெருங்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது. முதல்முறை பார்க்கும் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் புளூ-ரேதான் நல்லது, பயம் பயமாகவே இருக்கும்.

யாருக்குச் சரி: 55 அங்குலத்துக்கு மேல் நல்ல டிவி, 4கே தட்டைப் படிக்கும் கருவி இரண்டும் வீட்டில் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு. 2020-இல் வந்த முதல் பாகத்தின் 4கேயை வைத்திருப்பவர்களுக்கும், பக்கத்தில் வைக்க.

## டிஜிட்டல் வாடகை, டிஜிட்டல் வாங்கல்

ஒரே ஒரு இரவு பார்த்தால் போதும் என்றால் வாடகைதான் மலிவு. அகலம் முழுதாகக் கிடைக்கும், ரீஜன் டிஸ்க் வம்பு இல்லை. இணைய வேகம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது தண்ணீர்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 'வாங்கு' பொத்தானை அழுத்தும் முன் யோசியுங்கள். அங்கே நீங்கள் வாங்குவது பார்க்கும் உரிமையைத்தான், உரிம ஒப்பந்தம் மாறினால் படம் பட்டியலிலிருந்து போகவும் கூடும். ஆவணப்படம் போன்றவை பெரும்பாலும் கூட வருவதில்லை.

## ஒரே பார்வையில்

| | 2001 டிவிடி | 2016 புளூ-ரே | 2023 4கே | டிஜிட்டல் |
|---|---|---|---|---|
| முழு அகலம் | உண்டு | உண்டு | உண்டு | உண்டு |
| படத்துக்கான கோடுகள் | சுமார் 360 | சுமார் 815 | சுமார் 1,630 | இணைய வேகத்தைப் பொறுத்து |
| தண்ணீர் | பெரிய திரையில் உடையும் | நன்று | மிக நன்று | ஏற்ற இறக்கம் |
| ஓட்ட வேகம் | 116 நிமிடம் (ஐரோப்பிய பால் டிஸ்கில் 111) | 116 நிமிடம் | 116 நிமிடம் | 116 நிமிடம் |
| ஆவணப்படம், நீக்கிய காட்சிகள் | உண்டு | உண்டு | உண்டு | பெரும்பாலும் இல்லை |
| ரீஜன் | கட்டாயம் பார்க்கவும் | அட்டையைப் பார்க்கவும் | பூட்டு இல்லை | நாட்டைப் பொறுத்து |
| மறைசெலவு | ரீஜன் பூட்டு நீக்கிய பிளேயர் | குறைவு | பிளேயர், நல்ல டிவி | உரிமை நிரந்தரமல்ல |

## செகண்ட்-ஹேண்டில் வாங்கும்போது

தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி முடி போல விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், சுற்றும் வேகத்தில் அது பிளேயருக்குள்ளேயே உடையலாம். மேலோட்டமான கீறல் டிவிடியில் பெரும்பாலும் ஓடிவிடும். புளூ-ரேயில் மேற்பூச்சு கெட்டி, ஆனால் தகவல் படிந்திருக்கும் அடுக்கு மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கிறது. பூச்சைத் தாண்டி ஆழமாகக் கீறியிருந்தால் ஓடாது. மூன்று, நான்காம் பாகங்களோடு சேர்த்துத் தொகுப்பாக விற்கிறார்கள் என்றால், அந்த இரண்டும் உங்களுக்கு வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பா மகனுக்கு என்ன சொன்னேன் என்றால், பெரியப்பா வீட்டில் இருப்பது 43 அங்குல டிவி, கூட ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4. அது 4கே தட்டைப் படிக்காது, புளூ-ரேயைப் படிக்கும். "புளூ-ரே வாங்கு, பின் அட்டையில் ஏ, பி, சி மூணும் இருக்கான்னு பாத்துட்டு வாங்கு" என்றேன். மறுநாள் கடையில் நின்றபடியே அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன், மூன்று எழுத்தும் இருந்தன.